எட்டாத கோப்புறை அழிந்த கோப்புறை அல்ல

அப்பாவைத் தேடி அம்மா அலைந்த காலத்துத் தாள்கள் எங்களிடம் ஒரு கட்டு இருந்தன. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, கிராம சேவையாளரின் உறுதிக்கடிதம். 2011 ஜனவரி வெள்ளத்தில் அவை நனைந்தன. மிஞ்சியவற்றை ஸ்கேன் செய்து கனடாவிலுள்ள அண்ணாவின் கணினியில் சேர்த்தேன். கொக்கட்டிச்சோலையில் என் மடிக்கணினியில் அந்தக் கோப்புறைக்கு ஒரு புத்தகக்குறி மட்டும் வைத்திருந்தேன்.

ஒரு விசாரணைக்கு முதல்நாள் இரவு அதை அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் இணைக்க முடியவில்லை என்று வந்தது. "எல்லாம் போயிட்டா மகன்?" என்று அம்மா கேட்டார்.

போகவில்லை. புத்தகக்குறி என்பது வெறும் முகவரி. லினக்ஸின் நோட்டிலஸ் கோப்பு மேலாளர் அதை ஒரு சாதாரண உரைக்கோப்பில், வரிக்கு ஒரு முகவரியாக எழுதி வைக்கிறது. ஆவணம் அதற்குள் இல்லை.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை படுவான்கரைக்குப் பாதையில்தான் வாவியைக் கடந்தோம். பாதை ஓடாத நாளில் கொக்கட்டிச்சோலை இல்லாமல் போய்விடவில்லை. இதுவும் அப்படித்தான்.

மறுமுனைக் கணினி இயங்கியும் இணைப்பை மறுத்தால் பிழைச்செய்தி உடனே வரும். பதிலே வராவிட்டால் கணினி காத்திருக்கும். லினக்ஸ் இயல்பாக ஏறக்குறைய 2 நிமிடம் வரை முயலும். என்எஃப்எஸ் முறையில் இணைத்த கோப்புறையோ, இயல்பு அமைப்பில், சேவையகம் திரும்பும் வரை காத்திருக்கும். அப்போது கோப்பு மேலாளரே உறைந்து நிற்கக்கூடும். விண்டோஸில் எட்டாத வலையமைப்பு இயக்கிமீது சிவப்புக் குறுக்குக்குறி தெரியும்.

எட்டவில்லை என்பதற்காகக் கோப்பு மேலாளர் தானாகவே புத்தகக்குறியை நீக்கக்கூடாது. இன்று மூடியிருக்கும் வழி நாளை திறக்கலாம். நாமும் கோபத்தில் நீக்கிவிடக்கூடாது. முகவரி மறந்துபோனால் மீண்டும் தேடுவது கடினம்.

அண்ணா வேலைக்குப் போகும்போது கணினியை நிறுத்திவிட்டிருந்தார். அவர் வீடு திரும்பியபோது எங்களுக்கு விடிகாலை. அந்த நேரத்தில் கோப்புறை திறந்தது. ஆவணங்களை இறக்கி, அச்செடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் புறப்பட்டோம்.

அன்றிலிருந்து மூன்று காரியம் செய்கிறேன். முகவரியைக் கொப்பியிலும் எழுதி வைக்கிறேன். ஆவணங்களின் முழுப் பிரதியொன்றை மடிக்கணினியிலேயே வைத்திருக்கிறேன். இன்னொன்றைப் பென் டிரைவில் ஏற்றி, வெள்ளம் ஏறாத உறவினர் வீட்டில் கொடுத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை திறந்தும் பார்க்கிறேன்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் ஆவணத்தைக் காட்டு என்று எத்தனையோ மேசைகளில் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் புத்தகக்குறியைக் காட்ட முடியாது. ஆவணம் கையில் இருக்கவேண்டும்.