ரூட்லித் தேவாலயத்தின் நினைவுச் சாளரம்

இறந்தோரை நினைவுகூரும் முறைகள் அவ்வக்காலச் சமுதாய அமைப்பைக் காட்டி நிற்பன. இங்கிலாந்தின் பங்குத் தேவாலயங்களிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெருகிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றுட் பல, மேலே புனிதர் உருவத்தையோ வேதாகமக் காட்சியையோ கொண்டு, கீழே இறந்தவரின் பெயரையும் ஆண்டையும் தாங்குவன. இவற்றை அமைக்கப் பெரும்பொருள் வேண்டியிருந்தமையால், இவ்வாறு நினைவுகூரப்பட்டோருள் வசதி படைத்தோரே மிகுதி. எளியோர் பலர் தேவாலய முற்றத்து மண்ணிலே அடையாளமின்றி அடங்கினர். இம்மரபில் வந்தும் அதனின்று வேறுபட்டு நிற்பது, கென்ற் பகுதியிலுள்ள ரூட்லிக் கிராமத்துச் சகல புனிதர் தேவாலயத்தின் கீழ்த்திசைச் சாளரமாகும்.

1963 இல் சேரா டி அவிக்டோர் கோல்ட்ஸ்மிட் என்னும் 21 வயது இளம்பெண் பாய்ப்படகு விபத்தொன்றிற் கடலில் மூழ்கி மரணமானார். அவர் தந்தை யூதர். தாய் அங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்தவர். யெருசலேம் மருத்துவமனையொன்றின் தொழுகைக்கூடத்துக்கென ஓவியர் மார்க் ஷகால் ஆக்கிய சாளரங்கள் 1961 இல் பாரிஸிற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, சேரா அவற்றைத் தாயுடன் கண்டு வியந்திருந்தார். எனவே பெற்றோர் ஷகாலையே நாடினர். 1887 இல் விற்றெப்ஸ்க்கிற் பிறந்த இவ்வோவியரும் யூதரே. நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1941 இல் பிரான்ஸை விட்டு அகன்றவர்.

1967 இல் நிறுவப்பட்ட இச்சாளரத்தின் அடிப்பகுதியில் நீலக்கடல் அலைகளிடையே இறந்த பெண் கிடக்கிறாள். அருகே துயருறுவோர் உளர். மேலே ஓர் ஏணி. அதன்வழியே சிலுவையிலுள்ள கிறிஸ்துவை நோக்கி அவள் ஏறுகிறாள். புனிதரின் உருவத்துக்குக் கீழே பெயராக மட்டும் நின்ற இறந்தவர், இங்கு காட்சியின் நடுப்பொருளாகிவிடுகிறார்.

இதனை இயல்வித்ததில் றெயிம்ஸ் நகரக் கண்ணாடிக் கலைஞர் சார்ள்ஸ் மார்க்கின் தொழினுட்பத்துக்கும் பங்குண்டு. பழைய முறையில் நிறம் மாறுமிடங்களிற் பெரும்பாலும் ஈயப்பட்டி குறுக்கிடும். மார்க்கோ, மெல்லிய வண்ணப்படை கொண்ட கண்ணாடியை அமிலத்தால் அரித்து ஒரே துண்டிற் பல சாயல்களைப் பெற்றார். அதன்மேல் ஷகால் தம் கையாலேயே தீட்டினார். அலைகளின் நீலம் தடையின்றி ஓடுவது இதனாலேயாம்.

பின்னர் ஏனைய சாளரங்களையும் ஷகாலே ஆக்கினார். பன்னிரண்டாவது நிறுவப்பட்டது, அவர் மறைந்த 1985 ஆம் ஆண்டிலாகும். அவற்றுக்கு இடமளித்த விக்டோரியாக் காலக் கண்ணாடிகள் அழிக்கப்படவில்லை. குருவானவர் உடைமாற்றும் அறைக்கு மாற்றப்பட்டு மின்னொளியிற் காட்சியளிக்கின்றன. முந்திய தலைமுறையின் பத்திக்கு அளிக்கப்பட்ட இம்மதிப்பும் குறிப்பிடத்தக்கது.

இதுவும் செல்வக் குடும்பமொன்றின் கொடையே என்பதை மறுத்தற்கில்லை. கிராமத்து எளிய தாயொருத்தியின் இழப்புக்கு இத்தகைய சாளரம் எழுந்திராது. ஆயினும் இது குலப்பெருமையைப் பறைசாற்றாது இழப்பையே முன்வைக்கின்றது. ஆதலின் பிள்ளையைப் பறிகொடுத்த எவரும் தம் துயரை இதிற் காணலாம். நினைவுச் சின்னங்களை ஆராய்வோர், அவை யாரை நினைவுகூர்கின்றன என்பதோடு, யாருடைய துயருக்கு இடமளிக்கின்றன என்பதையும் நோக்குதல் வேண்டும்.