மாய், வலா

பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் உடைமையைச் சொல்லத் தனி வினைச்சொல் வேண்டியதில்லை, ‘மாய்’ போதும். ‘மாய் லிப்ரோ சா மேசா’ என்றால் மேசையில் புத்தகம் இருக்கிறது. ‘மாய் லிப்ரோ அக்கோ’ என்றால் என்னிடம் புத்தகம் இருக்கிறது. நம் ‘உண்டு’ போல இருப்பும் உடைமையும் ஒரே சொல்லுக்குள். ஆனால் நாம் ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்று வேற்றுமை ஏற்றுகிறோம். அங்கே உடையவர் ‘நான்’ ஆகவே நிற்கிறார். ‘மாய்’ தனித்து நிற்காது, அதற்குப் பின்னாலேயே வேறு சொல் வர வேண்டும். ‘இருக்கிறதா?’ என்பதற்கு ஒற்றைச்சொல் விடை ‘மாய்ரோன்’, பேச்சில் ‘மேரோன்’.

இன்மைக்கு ‘வலா’. இதன் வீச்சுதான் வியக்க வைக்கிறது. பொதுவான மறுப்புச் சொல் ‘ஹிண்டி’. ‘மாய்’ வாக்கியத்தை மறுக்க அது உதவாது. ‘வலா’ வந்து ‘மாய்’ இருந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறது. ‘வலா அக்கோங் பேரா’: என்னிடம் பணமில்லை. ‘வலா சியா’: அவர் இங்கில்லை. ‘நவலா’: தொலைந்துபோனது. நன்றி சொன்னால் கிடைக்கும் மறுமொழி ‘வலாங் அனுமான்’, அதாவது ஒன்றுமில்லை.

‘மாய்’ புதுச் சொற்களையும் ஈன்றிருக்கிறது. ‘அரி’ உடைமை, ‘மாய்-அரி’ உரிமையாளர். ‘அக்டா’ எழுத்துப் படைப்பு, ‘மாய்-அக்டா’ நூலாசிரியர்.