வானத்திலிருந்து குகைக்கு வந்த கணக்கு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் சுற்றில் 58 சிற்றறைகள் வரிசையாக இருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயில் இது. அறைகள் சிலவற்றின் உட்சுவரில் சுண்ணச் சாந்து பூசி, அதன்மேல் ஓவியம் தீட்டியிருந்தார்கள். 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் அவற்றை உலகுக்குக் காட்டினார். சோமாஸ்கந்தர் ஓவியத்தின் எதிரே நின்று பாருங்கள். செங்காவிக் கோடு ஒன்று வளைந்து வரும், பாதியில் சாந்தின் பழுப்போடு கலந்துவிடும். அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லையா, இருந்தும் நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லையா?

இந்தக் கேள்விக்கு இன்று பாறை ஓவிய ஆய்வாளர்கள் நம்பியிருக்கும் மென்பொருள் டிஸ்ட்ரெட்ச். அது பிறந்தது ஓவியத்துக்காக அல்ல. விமானத்திலிருந்தும் விண்வெளியிலிருந்தும் எடுத்த நிலப் படங்களில் பாறை வகைகளைப் பிரித்துக் காண, நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தார் வளர்த்தெடுத்த கணக்கு அதன் வேர். அந்த முறையை விரிவாக விளக்கி, கில்லெஸ்பியும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் கட்டுரை வெளியிட்டார்கள். கலிபோர்னியாவின் ஜான் ஹார்மன் கணிதம் படித்தவர், பாஹா கலிபோர்னியாவின் குகை ஓவியங்களில் மனம் பறிகொடுத்தவர். அவர் அந்தக் கணக்கைப் பாறை ஓவியத்துக்கு ஏற்ப மாற்றி, இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளோடு சேர்ந்து இயங்கும்படி 2005இல் கொண்டுவந்தார்.

கேமரா பதியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் மங்கிய சுவரில் ஏறக்குறைய ஒன்றாகவே கூடிக் குறையும். பாவில் ஒட்டிக்கொண்ட இழைகளை நெசவாளர் விரித்துப் பிரிப்பதுபோல, மென்பொருள் அந்த நிறங்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாட்டை இழுத்துப் பெரிதாக்குகிறது. காவிக்கு எல்ஆர்இ, கறுப்புக்கு ஒய்பிகே என்று தனித்தனித் தேர்வுகள் வைத்திருக்கிறார் ஹார்மன். திரையில் வரும் நிறம் பொய். கோடு மெய். அதனால்தான் மூலப் படத்தையும் எந்தத் தேர்வில் மாற்றினோம் என்ற குறிப்பையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கருவியில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. முன்பெல்லாம் மங்கிய ஓவியம் படத்தில் தெளிவாக விழ வேண்டுமென்று பாறையில் தண்ணீர் தெளிப்பார்கள், சுண்ணக்கட்டியால் கோட்டின் மேலேயே கோடு இழுப்பார்கள். பார்க்க வந்தவர்களே அழித்துவிட்டுப் போன கொடுமை அது. இப்போது சுவரில் விரல்கூடப் பட வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் காவி ஓவியங்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

ஆனால் உதிர்ந்த சாந்தை எந்தக் கணக்கும் திருப்பித் தராது. படத்தில் பதிந்த நிறத்தைத்தான் அது பிரித்துக் காட்டும். கைலாசநாதர் கோயிலில் ஓவியம் மிஞ்சிய ஒவ்வோர் அறையையும் சீரான ஒளியில், நிற அளவுகோல் வைத்து, சுருக்கப்படாத கோப்பாக எடுத்து வைப்பது இன்றைய வேலை. கணக்கைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.