திரும்பி வராத கட்டளை

பேனாவால் எழுதிப் பழகியவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரு வாக்கியம் பிடிக்கவில்லையென்றால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுகிறான். மறுநாள் காலையில், 'அடடா, அதுவே நன்றாக இருந்ததே!' என்று தோன்றினால், கோட்டுக்கு அடியில் அந்த வாக்கியம் அப்படியே காத்திருக்கிறது. அடிப்பது வேறு, அழிப்பது வேறு. கம்ப்யூட்டரின் சரித்திரத்தில் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

1971-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தாங்கள் உருவாக்கிய யூனிக்ஸ் என்ற அமைப்புக்கு ஒரு கையேடு எழுதினார்கள். அந்த நாளில் டெலிடைப் யந்திரத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டவேண்டும். ஆகவே கட்டளைகளையெல்லாம் சுருக்கிவிட்டார்கள். கோப்பை நீக்குவதற்கு 'ஆர்.எம்.' என்று இரண்டே எழுத்து. அதைத் தட்டினால் பட்டியலிலிருந்து கோப்பின் பெயர் போய்விடும். அந்தப் பெயர்தான் கடைசிப் பிடி என்றால், கோப்பும் போய்விடும். சாதாரணமாக, 'நிச்சயந்தானா?' என்று அது கேட்பதில்லை. 'ஆயிற்று' என்று சொல்வதும் இல்லை. எழுதியவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. கையேட்டில் குறைகளைச் சொல்வதற்கென்றே தனித் தலைப்பு வைத்திருந்தார்கள். படிக்கிறவர் விஷயம் தெரிந்தவர் என்பது அவர்கள் நம்பிக்கை.

நம்பிக்கை நல்லதுதான். ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவனைக் கையேடு வந்து தடுக்குமா? 1982-இல் பீட்டர் நார்ட்டன் என்பவர், அழிந்த கோப்பை மீட்கும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் போனாலும், மேலே வேறொன்று எழுதப்படும் வரையில் விஷயம் உள்ளேயே கிடக்கும் என்பதுதான் அதன் ரகசியம். அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆப்பிள் கம்பெனியின் லிஸா கம்ப்யூட்டர், திரையிலே ஒரு குப்பைக்கூடையைக் காட்டிற்று. போட்டதைக் கூடையிலிருந்து திரும்ப எடுக்கலாம்! பேனாக்காரனின் கோடு கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது.

ஆனால் பெரிய வேலைகள் நடக்கும் இடத்தில் கூடை இருக்கவில்லை. 1998-இல் கலிபோர்னியாவில் பிக்ஸார் ஸ்தாபனத்தில், 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ அந்த இரண்டெழுத்துக் கட்டளையை, 'இருப்பதையெல்லாம், கேட்காமல்' என்ற அடைமொழிகளுடன் தட்டிவிட்டார். படத்தின் பெரும் பகுதி கண்ணெதிரே மறைந்தது. எடுத்து வைத்திருந்த நகலைப் பார்த்தால், அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. கடைசியில், கைக்குழந்தையுடன் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள்.

இதுவரை தட்டியதெல்லாம் மனித விரல். இப்போது செயற்கை அறிவு படைத்த ஏஜெண்டுகள் வந்துவிட்டன. நாம் ஒரு காரியத்தைச் சொன்னால், பல கருவிகளைத் தாமே எடுத்து உபயோகித்து அதை முடிக்கின்றன. எந்தக் கருவி என்ன செய்யும் என்பது ஏஜெண்டுக்கு எப்படித் தெரியும்? கருவியின் பெயரும், அதனுடன் எழுதி வைத்த விளக்கமுந்தான் முக்கியமான வழி. 'வாடிக்கைக்காரரின் கணக்கை நீக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால், நீங்கியது கூடைக்குப் போகிறதா, காற்றோடு போகிறதா? அவருடைய பழைய ரசீதுகளும் கூடவே போகுமா? கையேட்டையே படிக்காத மனிதனுக்குக்கூட, முன்பு ஒரு தடவை பட்ட அடி நினைவுக்கு வந்து விரல் தயங்கும். ஏஜெண்டோ கையேட்டை வரி விடாமல் படிக்கும். படித்ததில் இல்லாத தயக்கம் அதற்கு எங்கிருந்து வரும்?

2025 ஜூலையில் இது நடந்தே விட்டது. ரெப்ளிட் கம்பெனியின் ஏஜெண்டு, ஒன்றையும் மாற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்த சமயத்தில், 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அடங்கிய தகவல் களஞ்சியத்தை அழித்துவிட்டது. பிறகு, 'இனி மீட்க முடியாது' என்றும் சொல்லிற்று. உரியவர் முயன்று பார்த்தார். தகவல்கள் திரும்பி வந்தன! சொன்ன பேச்சைக் கேட்காதது ஒரு குற்றம். செய்த காரியம் திரும்புமா, திரும்பாதா என்பதே தெரியாமல் இருந்தது அதைவிடப் பெரிய விபரீதமல்லவா? கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பரீட்சைக் களஞ்சியத்தையும் நிஜக் களஞ்சியத்தையும் இனிப் பிரித்து வைப்பதாகச் சொன்னார்.

ஏஜெண்டுகளுக்குக் கருவிகளை அறிமுகம் செய்யும் பொது ஏற்பாடு ஒன்றை, 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பெயரில் ஆந்த்ரோபிக் கம்பெனி 2024 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அதில் ஒரு குறிப்பு சேர்ந்தது: இந்தக் கருவி அழிக்கக் கூடியதா? அதற்குப் பதில் எழுதாமல் விட்டால், அழிக்கும் என்றே வைத்துக்கொள்ளவேண்டும். மௌனத்தை ஆபத்து என்று எடுத்துக்கொண்ட இந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் அது குறிப்புத்தான், பூட்டு அல்ல. எது போகும், அதனுடன் எவையெல்லாம் போகும், எத்தனை நாள் வரையில் மீட்கலாம், யாரைக் கேட்ட பிறகு தொடவேண்டும் என்பதை எழுதுகிறவர்தான் தெளிவாக எழுதவேண்டும்.

நம் வீடுகளில் எலிப் பாஷாணப் புட்டியின் மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதி ஒட்டுவார்கள். ஒட்டிய கையோடு அதைப் பரணில் உள்ள பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள் பாட்டி. எழுதியது போதாதா என்று அவளைக் கேட்டால் என்ன சொல்வாள்? "படிக்கத் தெரிந்தவனுக்கு எழுதினேன், மற்றவனுக்குப் பூட்டினேன்" என்பாள். ஏஜெண்டுக்குப் படிக்கத் தெரியும். என்றாலும் சாவி இடுப்பிலேயே இருக்கட்டும்.