மஞ்சக்குடி குடிநோய் சிகிச்சை முகாம்

மஞ்சக்குடி முகாம் என்பது குடிநோயாளிகளுக்கு அவர்களுடைய ஊர்ப்பகுதியிலேயே சிகிச்சை அளித்த முயற்சியாகும். இது 1989-ஆம் ஆண்டு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த மஞ்சக்குடியில் தொடங்கியது. அவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. முகாமை நடத்திய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைச் சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவினார். குடிநோயால் கணவரை இழந்தவர் அவர்.

நெல்வயலில் தினக்கூலிக்கு உழைப்பவர் சென்னை மருத்துவமனையில் பல நாள் தங்குவது கடினம். வீட்டில் தானாகக் குடியை நிறுத்தினாலோ கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். சிலருக்கு உயிரே போகலாம். எனவே மருத்துவக்குழு கிராமத்துக்குச் சென்றது. மருந்துடன் குழு உரையாடலும், குடும்பத்தாருக்கான ஆலோசனையும், தொடர்கண்காணிப்பும் அளிக்கப்பட்டன. இவ்வனுபவம் 1994-இல் 'அடிக்‌ஷன்' ஆய்விதழில் வெளியானது. குடிப்பழக்கம் ஒழுக்கக்கேடு அன்று, சிகிச்சைக்குரிய நோய் என்பதே இம்முகாமின் அடிப்படை.