ஏரி ஒரே நாளில் சாவதில்லை



பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்போம். அதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன என்று பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. ஊர் விளைச்சலில் கல்வி நடந்த பூமி இது. தண்ணீர் இல்லாமல் விளைச்சல் ஏது?

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் கணக்கில் உள்ளன. பெரியது ஊசுட்டேரி. சுமார் 800 ஹெக்டேர். அதில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அங்கே வருகிறது. இரண்டாவது பாகூர் ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீரைக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்ற சகோதரிகளோடு சேர்த்து ஊரார் அதன் கதையைச் சொல்வார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? ஒரு காரணத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பம்புசெட் வந்தது. சொந்தக் கிணறு உள்ளவருக்கு மதகு, மடை பற்றிய கவலை போயிற்று. தூர் வார ஆள் சேரவில்லை. வண்டல் ஏறி ஏரி மேடானது. கொள்ளளவு குறையவே நிலத்தடிக்கு இறங்கும் நீரும் குறைந்தது. இன்னும் ஆழமாகப் போர் போட்டோம். கடலோரத்தில் நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால் அந்த இடத்துக்கு உப்புநீர் வரும். கிணறு உவர்த்தால் விவசாயி நிலத்தை விற்பார், நிலம் மனையாகும், மனைக்கு நடுவே வரத்து வாய்க்கால் காணாமல் போகும். மீதி வாய்க்காலில் சாக்கடையும் உரம் கலந்த நீரும் ஓடும். அதைத் தின்று ஆகாயத்தாமரை கொழுக்கும். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது.

முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1999-இல் ஐரோப்பிய நிதியுதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. ஊர்தோறும் ஏரிச் சங்கங்கள் அமைந்தன. 2008-இல் ஊசுட்டேரியின் நம் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் தமிழ்நாடும் தன் பகுதியை அறிவித்தது. ஆனால் சரணாலய எல்லை கரையோடு நிற்கிறது. ஏரிக்கு உயிர் தரும் வாய்க்காலோ ஊர் ஊராக வெளியே கிடக்கிறது. வலசை வரும் பறவைக்கு எல்லைக்கல் தெரியாது, தண்ணீர்தான் தெரியும்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊர் வரத்து வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். பெரியவர்கள் அதன் பழைய பெயரையும் சொல்லுங்கள். பெயர் மறந்த வாய்க்காலை மீட்பது கடினம்.