ஆறு வாரமும் ஒரு கையெழுத்தும் - ஜெயங்கொண்டம் நில வழக்குகள் சொல்லும் பாடம்

"கோர்ட்டு வாசலை மிதிக்காமல் வாழ்ந்தவன் பாக்கியவான்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் சில சமயம் நாம் போகாவிட்டாலும் கோர்ட்டு விவகாரம் நம் வீட்டுக்கே தேடி வந்துவிடும். அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் பகுதி விவசாயிகளுக்கு 1990களின் பிற்பகுதியில் அப்படித்தான் வந்தது. சட்டத்தில் உரிமை இருப்பது வேறு, அந்த உரிமையைக் கேட்கும் வழி தெரிந்திருப்பது வேறு என்பதற்கு அவர்களுடைய கதையை விடச் சிறந்த உதாரணம் இந்தப் பக்கத்தில் கிடைக்காது.

லண்டன் வரை போன ஜமீன்

முதலில் கொஞ்சம் பழைய வரலாறு. உடையார்பாளையம் ஜமீன் இந்தப் பகுதியின் பெரிய ஜமீன்களில் ஒன்று. அந்தக் குடும்பத்தின் ஜமீன் உரிமை வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தைத் தாண்டி, கடல் கடந்து லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று 1905இல் தீர்ப்பானது. இந்து வாரிசுரிமைச் சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது.

ஜமீனுக்கு லண்டன் எட்டியது. அதே மண்ணில் மானாவாரியாகக் கம்பும் சோளமும் விதைத்தவருக்கோ திருச்சியே தூரம்தான். அப்போது இந்தப் பகுதி முழுக்கத் திருச்சிராப்பள்ளி மாவட்டம். மாவட்ட நீதிமன்றம் திருச்சியில். ஒரு வாய்தாவுக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவும் போச்சு. வழக்கு அன்று எடுக்கப்படாமல் தள்ளிப்போனால் அடுத்த வாய்தாவுக்கு மறுபடி அதே செலவு.

1995இல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. 2002இல் மீண்டும் பெரம்பலூருடனேயே சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது. இந்தப் பிரிப்பும் சேர்ப்பும் நடந்த காலத்தில்தான் நிலக்கரி விவகாரமும் நடந்தது.

நிலத்துக்கு அடியில் கரி

ஜெயங்கொண்டம் பகுதியில் நிலத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது கண்டறியப்பட்டது. நெய்வேலியைப் போல இங்கும் சுரங்கமும் அனல் மின் நிலையமும் அமைக்கலாம் என்று அரசு திட்டமிட்டது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்துக்காக, அதாவது டிட்கோவுக்காக, பல கிராமங்களில் பட்டா நிலங்கள் எடுக்கப்பட்டன. கொடுத்த விலை மிகக் குறைவு என்று விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் வழக்குகள் குவிந்ததால் இவற்றை விசாரிக்கவென்றே ஜெயங்கொண்டத்தில் சிறப்பு நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன.

இந்த வழக்குகள் எப்படி நடக்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அப்போது நடைமுறையில் இருந்தது வெள்ளைக்காரர் காலத்து 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். 4(1) பிரிவில் அறிவிப்பு வரும். 30 நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். பிறகு 6ஆம் பிரிவில் உறுதி அறிவிப்பு, அதன்பின் விசாரணை. கடைசியாக "அவார்டு" என்று அலுவலகத்தில் சொல்லப்படும் இழப்பீட்டு உத்தரவு. இதுவரை எல்லாம் வருவாய்த் துறைக்குள்ளேயே முடிந்துவிடும். நீதிமன்றம் இன்னும் வரவில்லை.

தொகை போதவில்லை என்றால் என்ன செய்வது? விவசாயி நேராக நீதிமன்றத்துக்குப் போக முடியாது. "என் வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள்" என்று நிலம் எடுத்த அதிகாரியிடமே எழுத்து மூலம் கேட்க வேண்டும். இது 18ஆம் பிரிவு. உத்தரவு போடும்போது நேரில் இருந்தவருக்கு அன்றிலிருந்து ஆறு வாரம் கெடு. இல்லாதவருக்கு நோட்டீஸ் கிடைத்த ஆறு வாரம் அல்லது உத்தரவு தேதியிலிருந்து ஆறு மாதம், இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை.

இதைவிடப் பெரிய கண்ணி 31ஆம் பிரிவில் இருந்தது. பணத்தை ஆட்சேபணை தெரிவிக்காமல் வாங்கிக்கொண்டவருக்கு 18ஆம் பிரிவில் கேட்கும் உரிமை கிடையாது. ஆகவே ரசீதில் கையெழுத்துப் போடும் இடத்தில் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதியவர் ஒரு பக்கம், எழுதாதவர் இன்னொரு பக்கம். பக்கத்துப் பக்கத்து வயல்தான், ஒரே மண்தான். ஆனால் இரண்டு வார்த்தையில் இரண்டு குடும்பங்களின் கணக்கு மாறிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

எவ்வளவு மாறும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு ஏக்கருக்கு அதிகாரி 30,000 ரூபாய் கொடுத்தார், நீதிமன்றம் அதை 1,00,000 ஆக உயர்த்தியது என்று வைத்துக்கொள்வோம்.

கூடுதல் தொகை: 70,000
அதன்மேல் ஆறுதல் தொகை 30 சதவீதம்: 21,000
ஆக மொத்தம்: 91,000
முதல் ஆண்டு வட்டி 9 சதவீதம்: 8,190
அடுத்த ஒன்பது ஆண்டுக்கு 15 சதவீதம்: 1,22,850

பத்து ஆண்டு முடிவில் 2,22,040 ரூபாய். (ஆறுதல் தொகைக்கும் வட்டி உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2001இல் தீர்ப்பளித்தது.) இதுபோக 12 சதவீதக் கூடுதல் மதிப்பு என்று தனியாக ஒன்றும் உண்டு. ரசீதில் இரண்டு வார்த்தை எழுதாதவரும், ஆறு வாரத்தைத் தவற விட்டவரும் இழப்பது இவ்வளவு. அவர் செய்த ஒரே குற்றம், யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான்.

தவற விட்டவருக்கு ஒரு கதவு

சட்டம் செய்தவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 28-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரே அறிவிப்பில் நிலம் கொடுத்த இன்னொருவருக்கு நீதிமன்றம் தொகையை உயர்த்தினால், 18ஆம் பிரிவில் மனுக் கொடுக்காதவரும் மூன்று மாதத்துக்குள் "எனக்கும் அதே விலை கொடுங்கள்" என்று கேட்கலாம். ஏழை எளியவரை மனதில் வைத்துச் சேர்த்த பிரிவு இது. தீர்ப்பின் நகல் பெற ஆகும் நாட்கள் அந்த மூன்று மாதத்தில் சேராது. அதனால் உடனே நகல் மனுப் போடுவது முக்கியம். ஆனால் பக்கத்து வயல்காரர் வழக்கில் தீர்ப்பு வந்ததே தெரியாவிட்டால் இந்தக் கதவும் மூடிக்கொள்ளும்.

மொழியும் தூரமும்

1976இல் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டுக் கீழமை நீதிமன்றங்களின் மொழியாகத் தமிழ் வந்தது. வழக்காடுபவருக்குத் தன் தீர்ப்பைத் தானே படிக்க உரிமை கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் மேல்முறையீடு என்று போனால் உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான். அங்கும் தமிழ் வேண்டும் என்று 2006 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை.

தூரத்தையும் சொல்ல வேண்டும். 2004 ஜூலை 24 முதல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. திருச்சி மாவட்டம் அதன் எல்லைக்குள் போனது. திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூரும் அரியலூரும் சென்னையோடே நின்றுவிட்டன.

யாரிடம் கேட்பது?

வக்கீல் வைக்க வசதியில்லாதவர் என்ன செய்வார்? இலவச சட்ட உதவி அரசின் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்ந்தது. அதற்கான சட்ட சேவைகள் ஆணையச் சட்டம் 1987இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9 அன்றுதான். பெரம்பலூர் மாவட்டம் பிறந்த அதே ஆண்டில்!

பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச வக்கீல் பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா அளவில் வட்டக் குழுவும் உள்ளன. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அதன்மேல் அப்பீல் கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு எண் உண்டு. அது கையில் இருந்தால் அடுத்த வாய்தா எப்போது என்று செல்போனிலேயே பார்க்கலாம். நாள் முழுக்கக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பிய காலம் போய்விட்டது.

கடைசியில் என்ன ஆனது?

ஜெயங்கொண்டம் திட்டம் நிறைவேறவே இல்லை. வருடக்கணக்கில் வழக்கு நடந்த பிறகு திட்டம் கைவிடப்பட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. ஒரு தலைமுறை இதற்குள் வயதாகிவிட்டது.

1894ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது இல்லை. 2014 ஜனவரி 1 முதல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்துவிட்டது. நீதிமன்றத்துக்குப் பதில் தனி ஆணையம் விசாரிக்கிறது. ஆனால் அந்த ஆறு வாரக் கெடு புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆட்சேபணை தெரிவித்துப் பணம் வாங்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

நாளைக்கு ஒரு சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ ஊரில் நில அளவைக் கல் நடப்பட்டால், நோட்டீஸ் வந்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். நடந்து போன செலவு மட்டும்தான், ஆலோசனைக்குக் காசு கிடையாது.